காற்புள்ளி இல்லாத ஏடு

உயிரியலார் தம் கலைச்சொற்களில் பாதியை நம் வீட்டுக் கொல்லையிலிருந்துதான் பறித்துச் சென்றிருக்கிறார்கள். ஒரு செல் புரதம் செய்யும் வேலையின் இரண்டு கட்டங்களுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் படியெடுத்தல், மொழிபெயர்ப்பு. போதாக்குறைக்கு எழுத்து, வாசிப்பு, பிழைதிருத்தம், நூலகம் என எல்லாம் உண்டு. அறிவியல் கட்டுரை என்றதும் பக்கத்தைத் தள்ளிவிடும் இலக்கிய வாசகர்கள் இதைச் சற்றே கவனிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஏனெனில் இச்சொற்கள் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. 1953-க்கும் 1966-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் உலகின் கூர்மையான மூளைகள் சில, உயிரை ஒரு மொழியாக எண்ணி, அதன் இலக்கணத்தைத் தாளும் பேனாவும் கொண்டே கண்டுபிடித்துவிடலாம் என நம்பின. அந்த நம்பிக்கை பாதி வழி சரியாகக் கொண்டுபோய், மீதிப் பாதியில் மிக அழகாக ஏமாற்றியது.

புரதம் என்றால் பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் சத்து என்பதோடு நம்மில் பலருடைய பள்ளிப்பாடம் நின்றுவிட்டிருக்கும். உடலுக்குள் நடக்கும் காரியங்களில் பெரும்பாலானவற்றைச் செய்யும் கைகள் புரதங்களே. உண்ட சோற்றைச் செரிக்கும் நொதி, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின், தோலை இழுத்துப் பிடிக்கும் கொலாஜன் ஆகிய எல்லாம் புரதங்கள். ஒவ்வொன்றும் அமினோ அமிலங்கள் எனும் 20 வகை மணிகளை ஒரு வரிசையில் கோத்த சரம். கோத்து முடிந்த சரம் மடங்கிச் சுருண்டு ஒரு வடிவம் கொள்கிறது; அந்த வடிவமே அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. (சரம் எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும், எவற்றில் இயலாது என்பதற்கான வரைபடத்தை 1963-ல் உலகுக்குத் தந்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும். ராமச்சந்திரன் வரைபடம் என்றே இன்றும் அதற்குப் பெயர். அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

வரிசை என்ற ஒன்று உண்டு என்பதே 1950-கள் வரை உறுதியாகவில்லை. கேம்பிரிட்ஜில் ஃப்ரெடரிக் சாங்கர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் மாட்டின் இன்சுலின் என்ற ஒரே புரதத்தோடு மல்லுக்கட்டினார். அதைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளின் ஓரங்களைப் பொருத்தி, சிதைந்த சுவடியை ஒட்டவைப்பவரைப்போல 1955 வாக்கில் முழுவதையும் வாசித்து முடித்தார். இரண்டு சரங்கள், மொத்தம் 51 மணிகள். எந்த மாட்டின் இன்சுலினை எடுத்தாலும் அதே வரிசை. அப்படியானால் அவ்வரிசை எங்கோ எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

அவ்வெழுத்து ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதையும் கேம்பிரிட்ஜே சொன்னது. அரிவாள் செல் சோகை உள்ளவர்களின் ஹீமோகுளோபினை 1956-லும் 1957-லும் ஆராய்ந்த வெர்னான் இங்கிராம், நலமானவர்களுடையதிலிருந்து அது ஒரே ஒரு மணியில் வேறுபடுவதைக் கண்டார். பீட்டா சங்கிலியின் 146 மணிகளில் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின். அவ்வளவுதான். அந்த ஒன்றினால், ஆக்சிஜன் குறைந்த இடங்களில் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன; வட்டமான சிவப்பணு அரிவாளாக வளைந்து நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்கிறது; எலும்புகளுக்குள் பொறுக்கமுடியாத வலி எழுகிறது. இந்தியாவில் இந்த இயல்பு முதன்முதலில் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடியினரிடையே, லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-ல் வெளியிட்ட ஆய்வில். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இப்பிழை வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடும் மலேரியாவிலிருந்து காப்பு. ஏடெழுதியவர் கைப்பிழை என்று நாம் ஒதுக்கக்கூடிய ஒன்று, கொசு மிகுந்த காடுகளில் மக்களை உயிரோடு வைத்திருந்த பாடபேதமாகவும் இருந்திருக்கிறது.

ஏடு எது என்பது 1953-ல் தெளிவாகிவிட்டது. வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அறிவித்த ஆண்டு அது. அடினின், குவானின், சைட்டோசின், தைமின் என நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட நீண்ட ஏடு. நான்கு எழுத்து மொழியில் இருப்பதை இருபது மணி மொழிக்குக் கொண்டுவருவது எப்படி என்பதே அடுத்த கேள்வி.

அக்கேள்வியை முதலில் பிடித்துக்கொண்டவர் உயிரியலாளரே அல்லர். பிரபஞ்சத்தின் பெருவெடிப்பைப் பற்றி எழுதிய, ரஷ்யாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவ். இரட்டைச் சுருள் கட்டுரையைப் படித்த கையோடு, அதை எழுதிய இருவருக்கும் அதே 1953 கோடையில் ஒரு கடிதம் போட்டார். சுருளின் படிகளுக்கிடையே வைர வடிவப் பள்ளங்கள் இருக்கின்றன, அவற்றைச் சூழும் எழுத்துகளைக் கொண்டு பார்த்தால் பள்ளங்கள் இருபது வகை, ஒவ்வொரு வகையிலும் ஓர் அமினோ அமிலம் சென்று அமர்ந்துகொள்ளும் என்பது அவர் கருத்து. இயற்கையில் உள்ள அமினோ அமிலங்கள் எத்தனையோ. அவற்றுள் புரதத்துக்கு உரியவை எவை என்பதில் அன்று குழப்பம் இருந்தது. காமோவின் பட்டியலில் தவறுகளைக் கண்ட வாட்சனும் கிரிக்கும் கேம்பிரிட்ஜின் ஈகிள் மதுக்கடையில் அமர்ந்து சரியான இருபதை எழுதினார்கள். பாடநூல்களில் இன்றும் இருப்பது அந்தப் பட்டியல்தான்.

காமோவ் விளையாட்டுப் பிள்ளை மனம் கொண்டவர். 1954-ல் 'ஆர்.என்.ஏ. கழுத்துப்பட்டைச் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார். அமினோ அமிலத்துக்கு ஒருவராக இருபது உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் சுருள் பின்னிய ஒரு கழுத்துப்பட்டை, தத்தம் அமினோ அமிலத்தின் பெயர் பொறித்த ஊசி. ரிச்சர்ட் ஃபைன்மன் இருந்தார், ஹைட்ரஜன் குண்டின் எட்வர்ட் டெல்லர்கூட இருந்தார். இத்தனை இயற்பியலாளர்கள் இதில் இறங்கியதற்குக் காரணம் கணக்கு எளிமையாகத் தோன்றியதே. ஓரெழுத்துச் சொற்கள் என்றால் நான்குதான் கிடைக்கும். ஈரெழுத்து என்றால் பதினாறு; போதாது. மூவெழுத்து என்றால் 64. இருபதுக்கு மிகமிக அதிகம். இந்த 64-ஐ 20-ஆக்கும் சூத்திரம் எது?

காமோவின் விடையில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அமர்ந்திருந்தன. ஒரு சொல்லின் கடைசி இரண்டு எழுத்துகளே அடுத்த சொல்லின் முதல் இரண்டும் ஆகும். நம் மரபில் சொன்னால் அது ஓர் அந்தாதி. அந்தாதியில் அடுத்த அடியின் தொடக்கத்தை இந்த அடியே முடிவு செய்துவிடுகிறதல்லவா? அதுபோல, ஓர் அமினோ அமிலத்துக்குப் பக்கத்தில் சிலவே வர இயலும், மற்றவை வர இயலாது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சிட்னி பிரென்னர், அதுவரை வாசிக்கப்பட்டிருந்த புரத வரிசைகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார். அப்படி எந்தத் தடையும் தென்படவில்லை. 1957-ல் அந்தாதிக் கொள்கை முடிவுக்கு வந்தது.

அடுத்து வந்ததுதான் நாம் சொல்ல வந்த பேரழகு. நம் பழைய ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவற்றில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, நிறுத்தக்குறி கிடையாது, பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூடக் கிடையாது. பதம் பிரிக்கத் தெரிந்தவரே வாசிக்க முடியும். டி.என்.ஏ.வும் அப்படிப்பட்ட ஏடுதான். எழுத்து, எழுத்து, எழுத்து என்று இடைவெளியின்றி ஓடுகிறது. செல்லுக்குப் பதம் பிரிக்கக் கற்றுக் கொடுத்தவர் யார்? கிரிக், ஜான் கிரிஃபித், லெஸ்லி ஆர்கெல் மூவரும் 1957-ல் ஒரு விடை சொன்னார்கள். தவறாகப் பிரித்தால் பொருளே வராத சொற்களை மட்டும் இயற்கை தேர்ந்தெடுத்திருந்தால்? அப்போது காற்புள்ளியே தேவையில்லை; சரியான பிரிப்பு ஒன்று மட்டுமே பொருள் தரும்.

கணக்கைப் பாருங்கள். ஒரே எழுத்து மூன்று முறை வரும் சொற்கள் நான்கு. அவை இரண்டு அடுத்தடுத்து வந்தால் எங்கிருந்து வாசித்தாலும் அதே சொல்தான் வரும். ஆகவே அவற்றை விலக்க வேண்டும். மிஞ்சுவது 60. ஒரு சொல்லின் எழுத்துகளைச் சுழற்றினால் மும்மூன்று சொற்கள் ஒரு குடும்பமாகும். அதே சொல் அடுத்தடுத்து வரும்போது குழப்பம் வராதிருக்க, குடும்பத்துக்கு ஒன்றையே வைத்துக்கொள்ள முடியும். அறுபதை மூன்றால் வகுத்தால் இருபது. சரியாக இருபது! இதைப் படித்தவர்கள் மயங்கியதில் வியப்பில்லை. மரபுச் செய்யுள் ஒன்றின் தளை தட்டாத அமைதி அதில் இருக்கிறது. சான்று எதுவும் இல்லை என்பதை அதை எழுதியவர்களே சொல்லியிருந்தும், அடுத்த நான்கு ஆண்டுகள் பலர் அதையே உண்மை என்று கொண்டார்கள்.

இதே காலத்தில் பாஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வேறு ஒரு கூட்டம் எலியின் ஈரலை அரைத்துக்கொண்டிருந்தது. பால் ஸமெக்னிக் தலைமையில் இயங்கிய அக்குழுவில் சூத்திரங்கள் இல்லை. ஈரலைக் கூழாக்கி, வேகமாகச் சுழற்றிப் பிரித்து, கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தை அதில் விட்டு, உயிருள்ள செல் எதுவும் இல்லாத அந்தச் சாற்றிலேயே புரதம் உருவாகிறதா என்று பார்த்தார்கள். உருவானது. ஜார்ஜ் பலாடே 1955-ல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விவரித்த, பின்னர் ரைபோசோம் என்று பெயர் பெற்ற நுண்துகள்களே கோக்கும் இடம் என்பதும் புலப்பட்டது. ஸமெக்னிக்கும் மாலன் ஹோக்லண்டும் இன்னொன்றைக் கண்டார்கள். அமினோ அமிலம் ரைபோசோமுக்குத் தனியாக வருவதில்லை. சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. ஒன்று அதைத் தன் நுனியில் ஒட்டவைத்து அழைத்து வருகிறது.

அவர்கள் அறியாதது ஒன்று. இப்படி ஒரு பொருள் இருந்தே ஆகவேண்டும் என்று கிரிக் 1955-லேயே கழுத்துப்பட்டைச் சங்கத்தாருக்குச் சுற்றுக்கு விட்ட குறிப்பில் எழுதியிருந்தார். டி.என்.ஏ.வின் எழுத்துகளுக்கும் அமினோ அமிலங்களுக்கும் வேதியியல் உறவு எதுவும் இல்லை; ஆகவே இருவரின் பேச்சும் அறிந்த ஓர் இடையாள் வேண்டும் என்பது வாதம். டூப்ளேவுக்கு ஆனந்தரங்கப் பிள்ளை இருந்ததுபோல ஒரு துபாஷி. ஒரு கையில் மூன்றெழுத்தை உணரும் பகுதி, மறு கையில் அதற்குரிய அமினோ அமிலம். கிரிக்கின் ஊகங்களில் நமக்கு மிகவும் பிடித்தது இதுதான். காற்புள்ளியில்லாக் குறியீட்டின் மினுமினுப்பு இதில் கிடையாது, ஆனால் இது உண்மையாக இருந்தது.

துபாஷி கிடைத்தாயிற்று, அரங்கம் கிடைத்தாயிற்று. ஆனால் மூல ஏடான டி.என்.ஏ. செல்லின் கருவறைக்குள் பூட்டிக் கிடக்கிறது. ரைபோசோமோ வெளியே இருக்கிறது. செய்தி எப்படிப் போகிறது? ரைபோசோம் ஒவ்வொன்றும் ஒரு புரதத்துக்கான பாடத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். 1960 ஏப்ரல் 15, பெரிய வெள்ளி. பாரிஸிலிருந்து வந்திருந்த ஃப்ரான்ஸ்வா ஜாகோப், கேம்பிரிட்ஜில் பிரென்னரின் அறையில் தம் ஆய்வகச் செய்திகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே பிரென்னருக்கும் கிரிக்குக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டியது. மூலத்திலிருந்து எடுத்த ஒரு படி, குறுகிய ஆயுள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ., ரைபோசோமுக்குப் போகிறது. ரைபோசோம் எந்தப் பாடமும் அறியாத வாசகன். எந்த ஓலை வந்தாலும் அதை வாசிக்கும். அந்த ஓலைக்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயராயிற்று.

அக்கோடையில் பிரென்னரும் ஜாகோப்பும் கலிஃபோர்னியா சென்று மாத்யூ மெசல்சனோடு சேர்ந்து அதை நிரூபிக்க முயன்றார்கள். சோதனையில் ரைபோசோம்கள் உதிர்ந்துகொண்டே இருந்தன. நாட்கள் முடியப்போகும் வேளை, கடற்கரையில் சோர்ந்து கிடந்தபோது காரணம் பிரென்னருக்கு உறைத்தது. ரைபோசோமைக் கட்டி வைத்திருப்பது மக்னீசியம். கரைசலில் அது போதவில்லை. ஓடிப்போய் மக்னீசியத்தைக் கூட்டினார்கள். 1961 மே மாதம் முடிவு அச்சில் வந்தது.

அதே மே மாதம், சங்கத்தில் உறுப்பினராக இல்லாத, பெரும்பாலோர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத இருவர் குறியீட்டையே திறந்துவிட்டார்கள். வாஷிங்டனை அடுத்த பெதஸ்டாவின் தேசியச் சுகாதாரக் கழகத்தில் பணியாற்றிய மார்ஷல் நிரன்பர்க்கும், ஜெர்மனியின் பான் நகரிலிருந்து வந்த ஹைன்ரிக் மத்தாயும். ஸமெக்னிக் வழியிலேயே அவர்களும் பாக்டீரியாவை அரைத்துச் சாறெடுத்தார்கள். அதில் தாங்களே செய்த ஒரு போலி ஓலையைப் போட்டார்கள். ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதிலாக யூரசில் வரும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த ஓலையில் யூரசிலைத் தவிர வேறெழுத்தே இல்லை: யூயூயூயூயூ என்று முடிவில்லாத ஒரே ஒலி. இருபது அமினோ அமிலங்களையும் மாற்றி மாற்றிக் கதிரியக்கம் ஏற்றிச் சோதித்தார் மத்தாய். மே 27 விடியற்காலை, ஒரே ஒரு குழாயில் மட்டும் எண்ணிக்கை பன்மடங்கு எகிறியது. ஃபினைல்அலனின். அதை மட்டுமே கோத்த புரதம். யூயூயூ என்றால் ஃபினைல்அலனின். அகராதியின் முதல் சொல்லுக்குப் பொருள் கிடைத்துவிட்டது. அந்த இரவில் நிரன்பர்க் ஊரிலேயே இல்லை, பெர்க்லிக்குப் போயிருந்தார்.

சற்றுமுன் நாம் பார்த்த கணக்கை வாசகர் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். காற்புள்ளியில்லாக் குறியீடு சொல்லாக இருக்கவே இயலாது என்று விலக்கிய நான்கில் ஒன்று, யூயூயூ. அந்தச் செய்யுளின் தளை முதல் அடியிலேயே தட்டிவிட்டது.

அவ்வாண்டு ஆகஸ்டில் மாஸ்கோவில் உலக உயிர்வேதியியல் மாநாடு. பெர்லினில் சுவர் எழுந்துகொண்டிருந்த அதே மாதம். நிரன்பர்க் ஒரு சிற்றறையில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் முன்னே பேசினார். பெயர் தெரியாதவர் பேச்சைக் கேட்க யாருக்கு நேரம்? கேட்ட சிலரில் மெசல்சன் ஒருவர். அவர் போய்க் கிரிக்கிடம் சொல்ல, கிரிக் பேரரங்கில் நிரன்பர்க்கை மீண்டும் பேச வைத்தார். தம்முடைய அழகிய கொள்கையைக் கொன்ற மனிதருக்கு மேடை அமைத்துக் கொடுத்ததை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் இலக்கியச் சண்டைகளில் இப்படி நடந்ததாக நமக்கு நினைவில்லை.

சொல் மூன்றெழுத்துதான் என்பதைக் கிரிக்கே அந்த ஆண்டு முடிவதற்குள் உறுதி செய்தார். லெஸ்லி பார்னெட், பிரென்னர் முதலியோரோடு சேர்ந்து, பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் மரபணுவில் எழுத்துகளைக் கூட்டியும் குறைத்தும் செய்த சோதனை அது. அதன் தர்க்கத்தை நம் மொழியிலேயே காட்டலாம். எல்லாம் மூன்றெழுத்துச் சொற்களாலான வாக்கியம் ஒன்று: சிறிய குயில் மரம் ஏறிப் பாடும். இடைவெளி விடாமல் எழுதி, மும்மூன்று எழுத்தாகவே வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுப்போம். 'யி' என்ற ஓரெழுத்து விழுந்துபோனால் அவர் வாசிப்பது: சிறிய குல்ம ரம்ஏ றிப்பா டும். விழுந்த இடத்திலிருந்து கடைசிவரை எல்லாம் உளறல். றி, யி, ர என மூன்று எழுத்துகள் விழுந்தால்? சியகு ல்மம் ஏறிப் பாடும். தொடக்கம் கெட்டாலும் பின்பகுதி மீண்டுவிடுகிறது. வைரஸிலும் அதுவே நடந்தது. ஒன்றோ இரண்டோ பிசகினால் மரபணு செயலிழந்தது, மூன்று பிசகினால் பிழைத்துக்கொண்டது. முடிவைச் சுமந்த சோதனைத் தட்டை ஓரிரவு பார்த்தபோது, இதை அறிந்தவர்கள் உலகிலேயே நாம் இருவர்தான் என்று கிரிக் பார்னெட்டிடம் சொன்னாராம்.

ஆக, பதம் பிரிக்க மறைமுகத் தந்திரம் எதுவும் இல்லை. ஓரிடத்தில் தொடங்கி, மும்மூன்றாக எண்ணிக்கொண்டே போவது மட்டுமே. திண்ணைப் பள்ளிச் சிறுவன் விரல்விட்டு எண்ணுவதுபோல.

மீதியுள்ள சொற்களுக்குப் பொருள் காண்பது ஐந்தாண்டு ஓட்டப்பந்தயமாயிற்று. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் ஹர் கோவிந்த் கொரானா. இன்றைய பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூர் என்ற நூறு பேர் வாழ்ந்த பஞ்சாப் கிராமத்தில், எழுத்தறிந்த ஏறக்குறைய ஒரே குடும்பத்தில் பிறந்தவர். விஸ்கான்சினில் அவர் தமக்கு வேண்டிய ஓலைகளை எழுத்தெழுத்தாகச் செய்துகொள்ளும் வேதியியலை உருவாக்கினார். யூசியூசியூசி என்று மாறி மாறி வரும் ஓலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மும்மூன்றாகப் பிரித்தால் யூசியூ, சியூசி, யூசியூ, சியூசி என்று இரண்டு சொற்கள் மாறி மாறி வரும். கிடைத்த புரதத்தில் செரினும் லூசினும் மாறி மாறி இருந்தன. ஈரெழுத்துச் சொல்லோ நான்கெழுத்துச் சொல்லோ இருந்திருந்தால் ஒரே மணிதான் வந்திருக்கும். இதைவிடத் தெளிவான சோதனையை நாம் படித்ததில்லை. நிரன்பர்க்கும் ஃபிலிப் லீடரும் 1964-ல் வேறொரு குறுக்குவழி கண்டார்கள். 1965-ல் கார்னெலின் ராபர்ட் ஹோலி துபாஷி ஒன்றின் எழுத்துகளை முழுதாக வாசித்தார். 1966-ல் அகராதி நிறைவுற்றது. 1968-ல் நிரன்பர்க், கொரானா, ஹோலி மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த விடியற்காலை கண்விழித்திருந்த மத்தாய்க்கு அதில் பங்கில்லை. எலி ஈரலை அரைத்த ஸமெக்னிக்குக்கும் நோபல் கிடைக்கவேயில்லை.

வெளிவந்த அகராதியைப் பார்த்தால் புலவர் முகம் சுளிப்பார். 64 சொற்களில் 61-க்கு அமினோ அமிலப் பொருள் உண்டு; மூன்று முற்றுப்புள்ளிகள். (அவற்றுள் ஒன்றுக்கு அம்பர் என்று செல்லப்பெயர். பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வு மாணவரின் பெயருக்கு ஜெர்மன் மொழியில் அம்பர் என்று பொருள் என்பதால் வந்தது.) லூசினுக்கு ஆறு சொற்கள், மெத்தியோனினுக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுதான் வாக்கியத்தின் பிள்ளையார் சுழியாகவும் நிற்கிறது. இருபது என்ற எண்ணே பின்னர் ஆட்டம் கண்டது; சில உயிர்கள் செலினோசிஸ்டீன், பைரோலைசின் என்று மேலும் இரண்டை முற்றுப்புள்ளியின் இடத்தில் வைத்து வாசிக்கின்றன. 1979-ல், நம் செல்களுக்குள்ளேயே இருக்கும் மைட்டோகாண்ட்ரியா வட்டார வழக்குப் பேசுவது தெரிந்தது. பொதுமொழியின் முற்றுப்புள்ளி ஒன்று அங்கே டிரிப்டோஃபான். உறைந்துபோன தற்செயல் என்று கிரிக் 1968-ல் இந்த அமைப்பை விவரித்தார். எப்படியோ அமைந்தது, பிறகு மாற்றினால் எல்லாப் புரதமும் கெடும் என்பதால் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் அது முழுக்கத் தாறுமாறும் அல்ல. மூன்றாம் எழுத்து பிசகினாலும் பல இடங்களில் பொருள் மாறாது. மாறினாலும் பெரும்பாலும் குணத்தில் ஒத்த மணியே வரும். பிழையை எதிர்பார்த்து எழுதிய அகராதி போலிருக்கிறது.

இனி செல்லுக்குள் நடப்பதைக் கோவையாகச் சொல்லிவிடலாம். கருவறைக்குள் ஒரு நொதி டி.என்.ஏ.வின் சுருளைச் சிறிது திறந்து, வேண்டிய பத்தியை மட்டும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. நம்மைப் போன்ற உயிர்களில் அந்தப் படியின் இடையிடையே பொருளற்ற நீண்ட பகுதிகள் இருப்பது 1977-ல் கண்டறியப்பட்டது. செல் அந்த இடைச்செருகல்களை வெட்டியெறிந்து, மிச்சத்தை ஒட்டி வெளியே அனுப்புகிறது. அங்கே ரைபோசோமின் சிறிய பாதியும் பெரிய பாதியும் ஓலையைக் கவ்வுகின்றன. தொடக்கச் சொல்லைக் கண்டதும் முதல் துபாஷி அமர்கிறது. அடுத்த சொல்லுக்குப் பொருந்தும் துபாஷி வந்து பக்கத்து இருக்கையில் அமர, முதல்வர் சுமந்த மணி அவருடைய மணியோடு பிணைகிறது. சுமை இறக்கியவர் வெளியேற, ஓலை மூன்றெழுத்து நகர்கிறது. பாக்டீரியாவில் இது நொடிக்கு இருபது முறை வரை நடக்கும். பிழை ஆயிரத்தில் ஒன்று முதல் பத்தாயிரத்தில் ஒன்று வரை. முற்றுப்புள்ளி வந்ததும் அதற்குத் துபாஷி இல்லை. ஒரு புரதம் வந்து சரத்தை அவிழ்த்துவிடுகிறது.

மணிகளைப் பிணைக்கும் அந்த இருக்கையில் என்ன இருக்கிறது என்பது 2000-ல்தான் அணுவணுவாகத் தெரிந்தது. தாமஸ் ஸ்டைட்ஸ் குழுவினர் பெரிய பாதியின் வடிவத்தைக் கண்டனர். அடா யோனாத், வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் ஆகியோரின் குழுக்கள் சிறிய பாதியை. ராமகிருஷ்ணன் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்து, மூன்று வயதில் பரோடாவுக்குச் சென்றவர். முதலில் இயற்பியல் படித்து, பின் உயிரியலுக்கு மாறி, கிரிக்கும் பிரென்னரும் பணியாற்றிய அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தைச் சேர்ந்தார். மூவருக்கும் 2009-ல் நோபல். பிணைப்பு நடக்கும் இடத்தில் அவர்கள் கண்டது புரதத்தை அல்ல, ஆர்.என்.ஏ.வை. புரதங்களையெல்லாம் செய்யும் எந்திரத்தின் நெஞ்சில் புரதம் இல்லை. புரதங்கள் தோன்றுவதற்கு முன்னமே ஆர்.என்.ஏ. மட்டும் வாழ்ந்த ஒரு காலம் இருந்திருக்கலாம் என்று கருதுவோருக்கு இதைவிடப் பழைய கல்வெட்டு கிடைக்காது.

தூது ஓலையை நாமே எழுதிச் செல்லிடம் கொடுத்தால் அது வாசிக்கும் என்பதை நிரன்பர்க்கும் மத்தாயும் குழாயில் காட்டினார்கள். 2020-ல் கொரோனாவுக்கு எதிராகக் கோடிக்கணக்கானோர் தோளிலேயே அது நடக்கத் தொடங்கியது. வெளியிலிருந்து வரும் ஓலையைக் கண்டு உடல் சினம் கொள்ளாதிருக்க அதன் யூரசிலைச் சற்றே மாற்றி எழுத வேண்டும் என்று 2005-ல் கண்ட கதலின் கரிகோ, ட்ரூ வைஸ்மன் இருவருக்கும் 2023-ல் நோபல் கிடைத்தது.

நீலகிரியில் பதிவான அந்தப் பாடபேதத்தையும் இன்று எழுத்தளவில் சொல்ல முடியும். ஜிஏஜி இருக்க வேண்டிய இடத்தில் ஜியூஜி. நடு எழுத்து ஒன்று. 2023 இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அரிவாள் செல் சோகைக்கு மரபணுவை வெட்டும் முதல் சிகிச்சைக்கு அனுமதி தந்தன. அச்சிகிச்சை அந்தப் பிழை எழுத்தைத் தொடுவதில்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போது எல்லோரும் வேறொரு ஹீமோகுளோபினைச் செய்கிறோம். பிறந்தபின் செல் அந்த ஏட்டைக் கட்டிவைத்துவிடுகிறது. கட்டியிருக்கும் கயிற்றை மட்டும் அறுத்து, அந்தப் பழைய ஏட்டை மீண்டும் வாசிக்க வைக்கிறார்கள். அமெரிக்காவில் அறிவித்தபோது அதன் விலை 22 லட்சம் டாலர்.